சாதா உடையில் ஒரு துக்கம்

கூட்டத்தில் நின்றால் கண்ணில் படாத முகம் என்று ஒன்று உண்டு. கேட்டு வாங்க முடியாது, பிறக்கும்போதே கொண்டுவர வேண்டும். நம்மவர் கொண்டுவந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் வந்த நாட்களில் ஆப்சென்ட் போட்டார்கள், வராத நாட்களில் பிரசென்ட் போட்டார்கள்; வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் வருகை குறையில்லாமல் இருந்தது. கல்யாணத்தன்று ‘மாப்பிள்ளை எங்கேப்பா’ என்று அவரிடமே இரண்டு பேர் கேட்டார்கள். அவரும் மரியாதைக்காகச் சுற்றுமுற்றும் பார்த்தார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய மனைவியே பஸ் ஸ்டாண்டில் அவரைக் கண்டுபிடிப்பது கையில் இருக்கும் பையின் நிறத்தை வைத்துத்தான்.

இப்படி ஒரு முகத்தைச் சீருடைக்கு மேலே வைத்து வீணடிக்கிறோமே என்று காவல்துறைக்கு ஒருநாள் உறைத்தது. அவரை மஃப்டி பிரிவுக்கு மாற்றினார்கள். மஃப்டி என்றால் வேறொன்றுமில்லை: உங்களையும் என்னையும் போலச் சட்டை போட்டுக்கொண்டு, உங்களையும் என்னையும் கவனிப்பது. மீசையை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். மிச்சமிருந்த கொஞ்சம் அடையாளமும் போயிற்று. பிரிவில் இருந்தவர்கள் அவருக்கு ‘சாதா’ என்று பெயர் வைத்தார்கள். அரசாங்கம் கொடுத்த பதவிகளைவிட இந்தப் பெயர் அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

பிரிவின் அறை ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் இருந்தது. ஒரு மேஜை, நாலு நாற்காலி, சுவரில் ஆளுயரக் கண்ணாடி. வெளியே கிளம்புமுன் ஒவ்வொருவரும் கண்ணாடி முன்னால் நின்று, ‘நான் போலீஸ் மாதிரியா இருக்கேன்?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. எல்லோருக்கும் ஒரே முடிவெட்டு, ஒரே பழுப்பு நிற ஷூ, கையைப் பின்னால் கட்டிய ஒரே நிற்பு. கண்ணாடிக்கு வாய் இருந்திருந்தால் சல்யூட் அடித்துவிட்டுப் பேசியிருக்கும். சாதா ஒருவர்தான் அந்தக் கண்ணாடியில் யாரோ போலத் தெரிவார்.

இன்ஸ்பெக்டர் தொழில் தெரிந்தவர். அவருக்கு இரண்டு கொள்கைகள் உண்டு. முதலாவது துணி பற்றியது.

“யோவ், புதுச் சட்டையப் போட்டுக்கிட்டு வேலையில்லாதவன்னு உக்காந்தா எவன்யா நம்புவான்? சட்டையப் பாத்தாலே நாலு பேருக்குப் பாவமா இருக்கணும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால பழைய துணிக் கடை வரிசையா இருக்கில்ல, அங்க போய் வாங்குங்க.”

இரண்டாவது கொள்கை கொஞ்சம் ஆழமானது.

“தெருவுல ஒருத்தன் சும்மா உக்காந்திருந்தா, யாரு, என்ன, எங்கேருந்துன்னு குடைவாங்க. அதுவே சோகமா உக்காந்திருந்தா ஒரு கேள்விதான். ரெண்டாவது கேள்விக்கு யாருக்கும் மனசு வராது. அதனால ஆளுக்கொரு சோகம் ரெடியா வெச்சுக்குங்க.”

பிரிவினர் உடனே சோகங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். சீனியர் ஏட்டையா ‘தொழிலில் நஷ்டம்’ எடுத்துக்கொண்டார். அடுத்தவர் ‘கூடப்பிறந்தவன் ஏமாற்றிவிட்டான்’. மூன்றாமவர் நிஜமாகவே சிறுநீரகக் கல் உள்ளவர் என்பதால் அதையே வைத்துக்கொண்டார். சாதா அப்போது கழிப்பறைக்குப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் நல்ல சோகமெல்லாம் தீர்ந்துபோய், ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது.

“பொண்டாட்டி செத்துட்டா. இத வெச்சுக்கய்யா,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“சார், வீட்டுல இருக்கா சார்.”

“வீட்டுல இருக்கட்டும்யா. தெருவுலதான செத்தா.”

இந்த ஏற்பாட்டில் சாதாவுக்கு உறுத்தல் இருந்தது. ஆனால் துறையில் உறுத்தலுக்கென்று தனிப் பிரிவு எதுவும் இல்லாததால், அதை அவரே வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அப்படியிருக்க ஒரு வேலை வந்தது. ஒரு தெருவில், மாடி வீடு ஒன்றில் குடியிருப்பவன் திருட்டு செல்போன்களை வாங்கி விற்பதாகத் தகவல். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அந்த மாடிக்கு நேரெதிரே ஒரு லாண்டரி. லாண்டரி வாசலில், துணி கொடுக்க வருகிறவர்கள் உட்கார ஒரு மர பெஞ்சு. அந்த பெஞ்சைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியொரு இடம் துறைக்கு எப்போதாவதுதான் வாய்க்கும்.

லாண்டரியை நடத்தியது ஒரு பெண்மணி. தெருவே அவரை அக்கா என்றது. சாதாவும் அக்கா என்றார். அவர் சாதாவை அண்ணே என்றார். யார் மூத்தவர் என்ற விசாரணை கடைசிவரை நடக்கவில்லை. கடையில் இஸ்திரி போடுவது அக்காவின் கொழுந்தன். தலைகுனிந்து வேலை பார்க்கும் மனிதன், வாரத்துக்கு நாலைந்து வாக்கியம் பேசுவான். அவன் சாதாவை முதல் வாரத்திலிருந்தே ‘சார்’ என்று கூப்பிட்டான். வேலையில்லாமல் பழைய சட்டையில் பெஞ்சில் குந்தியிருப்பவரை எதற்காக ஒருவன் சார் என்கிறான் என்று துப்பறியும் பிரிவைச் சேர்ந்த நம்மவர் யோசிக்கவில்லை. மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அக்கா வாசலுக்கு வந்து, “யாருக்காகக் காத்திருக்கீங்க?” என்று கேட்டார். சாதா தலையைக் குனிந்துகொண்டார்.

“யாருக்காகவும் இல்ல. வீட்டுக்குள்ள இருக்க முடியல. போன வருஷம் வீட்டுக்காரி தவறிட்டா.”

கொள்கைப்படி அக்கா இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. உள்ளே போனார். இரண்டு டம்ளர் டீயோடு வந்து, ஒன்றை அவர் கையில் கொடுத்து, மற்றொன்றோடு பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, “எங்க வீட்டுக்காரரும் போன வருஷந்தான்,” என்றார்.

இன்ஸ்பெக்டரின் கொள்கையில் இதற்கு இடம் வைக்கப்படவில்லை. சோகமான ஆளைப் பார்த்தால் மற்றவர்கள் விலகிப் போவார்கள் என்பது சரி. இன்னொரு சோகமான ஆள் பக்கத்தில் வந்து உட்காருவார் என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை.

அக்காவின் கணவர் ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு, ‘கொஞ்சம் சாயுறேன், அந்த வெள்ளைப் போர்வைகளை மட்டும் நனைச்சு வை’ என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தவர். போர்வைகள் நனைந்து, வெளுத்து, காய்ந்துவிட்டன. அவர் எழவில்லை.

“சொந்தக்காரங்க வந்தாங்க. தைரியமா இருன்னாங்க. சொல்லிட்டு எல்லாரும் பஸ் ஏறிட்டாங்க. தைரியத்த வெச்சுக்கிட்டு நான் யார்கிட்டப் பேசுறது?”

ஆகவே சாதாவிடம் பேசினார். தினமும் மதியம், துணி குறைவாக வரும் நேரத்தில், இரண்டு டம்ளர் டீ. கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால் சாதாவும் பேசினார். அவருக்குக் கற்பனை வராது. அதனால் வீட்டில் இருக்கும் மனைவியை அப்படியே எடுத்துச் சொன்னார். அலமாரிக் கதவை ஒருநாளும் சாத்தமாட்டாள். குளிர்ந்த பாதங்களைக் கொண்டுவந்து அவர் முழங்காலில் வைத்துச் சூடேற்றிக்கொள்வாள். கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவாள். ‘தலையில இருக்கு’ என்று சொன்னால், சொன்னவர்மேல் கோபம் வரும். அவர் சொன்னதில் எல்லாமே உண்மை. அவள் செத்துப்போனாள் என்ற ஒன்றைத் தவிர. அக்கா சிரிப்பார், பிறகு முகத்தைத் துடைத்துக்கொள்வார். எதிர்மாடியை யார் பார்த்தார்கள்? சாயந்திரம் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டு, “நடமாட்டம் வழக்கம்போல இருக்கு சார்,” என்பார் சாதா.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், பகலெல்லாம் செத்துக்கிடந்தவள் கதவைத் திறப்பாள். சாதாவால் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. பாத்திரம் தேய்த்தார். வெங்காயம் உரித்தார். அலமாரிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். “என்ன தப்பு பண்ணுனீங்க?”

“ஒன்னும் பண்ணல.”

“போன தடவ நீங்க பாத்திரம் தேய்ச்சது எப்பன்னு ஞாபகம் இருக்கா? டிபார்ட்மென்ட் வண்டியக் கொண்டுபோய் மரத்துல சொருகுன அன்னிக்கு.”

“உனக்கு ஒத்தாசை பண்ணக்கூடாதா?”

“பண்ணலாம். ஆனா கரண்டிய அழுதுக்கிட்டே தேய்க்கறீங்களே, அது ஏன்?”

“வெங்காயம்.”

“வெங்காயம் நேத்து.”

துப்பறியும் திறமை அந்த வீட்டில் யாரிடம் இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

இதோடு நின்றிருந்தால் இதை ஒரு வேடிக்கை என்று விட்டிருக்கலாம். நிற்கவில்லை. ஒரு மதியம் அக்கா, கடையின் உள்பக்கம் இருந்த கம்பியைக் காட்டினார். வாடிக்கையாளர் துணிகளுக்கு அப்பால், பத்துப் பன்னிரண்டு ஆண் சட்டைகள் மொடமொடவென்று தொங்கின.

“அவரோடது. யாரும் போடல. கசங்கவும் இல்ல. ஆனா வாரம் ஒரு தடவ எடுத்து நானே தேய்ச்சு மாட்டுறேன். பைத்தியம்னு நினைப்பீங்க.” ஒரு சட்டையின் காலரைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் மையில் ஒரு சின்ன வட்டம், நடுவே ஒரு புள்ளி. “கடைக்கு வர்ற துணிக்கெல்லாம் நம்பர் போடுவோம். தன்னோடதுக்கு மட்டும் இந்தக் குறி. நம்ம துணி ஊரார் துணியோட கலந்துடக்கூடாதுன்னு சொல்வாரு.” காலரை மறுபடி மடித்துவிட்டுக் கேட்டார்: “அண்ணே, உங்க வீட்டுக்காரங்க துணியெல்லாம் என்ன பண்ணீங்க?”

மனைவியின் துணி அலமாரியில் இருந்தது. அலமாரி திறந்து கிடந்தது. இதைச் சொல்ல முடியாது. ‘வெச்சிருக்கேன்’ என்றால், எங்கே, எப்படி என்று பேச்சு நீளும். பேச்சை வெட்டிவிடும் பதிலைச் சொல்லும்படி துறை அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தது.

“கொடுத்துட்டேன். மொத்தமா. கொடுத்த அன்னிக்குத்தான் நான் தூங்குனேன்.”

பேச்சு வெட்டுப்பட்டது. அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நல்ல பதில் சொல்லிவிட்டோம் என்று சாதாவுக்கு ஒரு நிமிஷம் திருப்திகூட வந்தது. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்துத்தான் பின்னாளில் அவர் அதிகம் கூசினார்.

அடுத்த வாரம் கம்பி காலியாக இருந்தது.

“தெருவுல பழைய துணி வண்டி வந்துச்சு. கண்ண மூடிக்கிட்டு எல்லாத்தையும் தூக்கிக் கொடுத்துட்டேன்,” என்றார் அக்கா. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. “நீங்க சொன்னீங்கல்ல, தூக்கம் வரும்னு. எனக்கு வரல. கொடுத்த அன்னிக்கே உங்களுக்கு வந்துச்சா, இல்ல கொஞ்ச நாள் ஆச்சா?”

சாதா டீயைக் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் குடித்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்ச நாள் ஆகும்,” என்றார். ஒரு பொய்யைத் திருத்த வேண்டிய இடத்தில் அதற்குத் தவணை கொடுத்துவிட்டு வந்தார்.

அன்று சாயந்திரம் இன்ஸ்பெக்டரிடம் போய், தன்னை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னார். இன்ஸ்பெக்டர் காரணம் கேட்டார். மனசு சரியில்லை என்றார் சாதா.

“பிரமாதம்யா,” என்றார் இன்ஸ்பெக்டர். “அப்படியே உக்காரு. இப்பத்தான் முகத்துல சோகம் வந்திருக்கு. போன மாசம்லாம் எதோ பல் வலி மாதிரி இருந்துச்சு. போற வழியில வேற சட்டை ரெண்டு வாங்கிக்கோ. இதையே போட்டுக்கிட்டு இருக்க, மாடிக்காரன் மனப்பாடம் பண்ணியிருப்பான்.”

பழைய துணி வண்டி எங்கேயிருந்து வந்து எங்கே போகிறது என்று யோசிப்பது துப்பறிகிறவன் வேலை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாதா துப்பறியப் போகவில்லை, சட்டை வாங்கப் போனார். அக்காவுக்கு என்ன சொல்லித் தேற்றுவது என்ற நினைப்பிலேயே குவியலில் கையை விட்டார். மெல்லிய கோடு போட்ட சாம்பல் நிறச் சட்டை ஒன்று கையில் வந்தது. பழையதுதான், ஆனால் மடிப்புக் கலையாமல் மொடமொடவென்று இருந்தது. அளவும் சரியாக இருந்தது. மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு, லாண்டரி பெஞ்சில் போய்த் தெருவைப் பார்த்து உட்கார்ந்தார்.

உள்ளேயிருந்து ஈரத் துணிக் கூடையோடு வந்த அக்கா நிலைப்படியில் நின்றுவிட்டார். அவருக்குத் தெரிந்தது முதுகு மட்டும்தான். சாம்பல் நிறம், மெல்லிய கோடு, இடது தோளில் தானே போட்ட தையல். கூடை கீழே விழவில்லை, மெதுவாகத்தான் வைத்தார். ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது சாதாவுக்குத் தெரியாத பெயர், இருந்தாலும் திரும்பினார்.

அக்காவின் முகத்தில் அப்போது வந்துபோனதைச் சாதா பார்த்தார். அவர் கவனித்தவற்றிலேயே இன்ஸ்பெக்டரிடம் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.

“அந்தக் காலரக் கொஞ்சம் திருப்புங்க.”

திருப்பினார். கொழுந்தன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து பார்த்தான். வட்டம், நடுவே புள்ளி.

சாதா பொத்தான்களை அவிழ்த்தார். சட்டையைக் கழற்றி, இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினார். இப்போது பனியனோடு நின்றார். சீருடையும் இல்லை, சாதா உடையும் இல்லை. இந்த நிலையில் இருக்கும் காவலர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்று துறையின் விதிகளில் எதுவும் சொல்லப்படவில்லை.

“அக்கா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். நான் போலீஸ்.”

“அது தெரியும்,” என்றார் அக்கா, சட்டையைப் பார்த்தபடியே.

“தெரியுமா?”

“தெருவுக்கே தெரியும் சார்,” என்றான் கொழுந்தன். அந்த வாரத்துக்கான அவனுடைய வாக்கியங்கள் அத்தனையும் அன்றைக்கென்று காத்திருந்தன போலும். “மொத ஞாயித்துக்கிழமையே தெரிஞ்சுபோச்சு. வேலையில்லாத மனுசன் வாரத்துல ஒரு நாள் லீவு எடுத்தாக்கூடப் பரவாயில்ல. நீங்க லீவுன்னா மாத்துக்கு இன்னொரு வேலையில்லாதவரு வர்றாரு. வந்து கரெக்டா உங்க இடத்துலயே உக்காருறாரு. சாயந்திரம் போறப்ப எந்திரிச்சு அட்டென்ஷன்ல நின்னு போன் பேசுறாரு.”

“அப்போ மாடிக்காரன்?”

“அவன் காலி பண்ணிட்டுப் போய் மூணு வாரம் ஆச்சு. பெட்டியெல்லாம் இறக்குறப்ப நீங்கதான சார் ஒரு பக்கம் பிடிச்சு வண்டியில ஏத்துனீங்க. இப்ப இருக்கறது வேற குடும்பம்.”

சாதாவுக்கு நினைவு வந்தது. பெட்டி கனமாகத்தான் இருந்தது. ஏற்றிவிட்டதற்கு அந்த ஆள் மிகவும் நன்றி சொன்னான்.

“ஏன் யாரும் சொல்லல?”

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். “அண்ணிதான் வேணாம்னாங்க. சொன்னா நீங்க வராம போயிடுவீங்கன்னு. ‘பாவம், வீட்டுல அந்த மனுசனுக்கு யாரும் இல்ல, இங்க வந்து நாலு வார்த்தை பேசிட்டுப் போறாரு, இருந்துட்டுப் போகட்டும்’னாங்க.”

அவருடைய வேஷம் முழுவதும் கிழிந்து கிடந்தது. வேலையில்லாதவர் என்பதை யாரும் நம்பவில்லை. சும்மா வந்து உட்காருபவர் என்பதை யாரும் நம்பவில்லை. பழைய சட்டையைப் பார்த்து யாரும் ஏமாறவில்லை. இவ்வளவு பொய்யிலும் ஒன்றை மட்டும் அந்தத் தெரு பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. அவர் இன்னும் வாயைத் திறக்காமல் இருந்தால் அது அப்படியே இருக்கும். பிடிபட்ட போலீஸ்காரராக, மனைவியை இழந்தவராக, மரியாதையோடு எழுந்து போகலாம். அக்காவுக்கும் ஒரு துணை இருந்தது என்ற நினைப்பு மிஞ்சும். இதெல்லாம் ஒரு மூச்சு விடும் நேரத்தில் அவருக்குத் தோன்றியது. நியாயமாகக்கூடத் தோன்றியது.

“நான் சொல்ல வந்தது அது இல்ல,” என்றார் சாதா. “என் வீட்டுக்காரி உசுரோட இருக்கா.”

இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று ஆவி விட்டது.

“அலமாரிக் கதவு?” என்றார் அக்கா கடைசியில்.

“இன்னும் சாத்துறது இல்ல.”

“அந்தக் கண்ணாடி?”

“இன்னிக்குக் காலையிலகூடத் தேடுனா.”

“அவங்க துணியெல்லாம்?”

சாதா தரையைப் பார்த்தார். “எல்லாம் இருக்கு. எதையும் கொடுக்கல. அந்த நேரத்துக்கு வாயில வந்துச்சு. சொல்லிட்டேன்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டினால் கொஞ்சம் நன்றாக இருக்கும் என்றுகூட எதிர்பார்த்தார். அக்கா திட்டவில்லை. சட்டையை மேஜைமேல் விரித்து, காலரிலிருந்து தொடங்கி, முதுகு, கை என்று நிதானமாகத் தேய்த்தார். சாதா போட்டதால் விழுந்த சுருக்கம் ஒவ்வொன்றையும் தேடித் தேடி எடுத்தார். கம்பியில் மாட்டினார். காலிக் கம்பியில் ஒற்றைச் சட்டை.

பிறகு திரும்பாமலே சொன்னார்: “உங்க ஆபீஸ்ல சொல்லி அந்த ஞாயித்துக்கிழமை ஆளையே தினமும் அனுப்பச் சொல்லுங்க. அவரு எதுவும் பேச மாட்டாரு.”

கொழுந்தன், யாரோ வாங்க மறந்த சட்டை ஒன்றை மூலையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அதைப் போட்டுக்கொண்டு சாதா வெளியே வந்தார். கை நீளமாக இருந்தது.

அன்றிரவு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். பொரித்த முட்டை ஆறிக்கொண்டிருந்தது. மனைவி குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் விசாரணை தொடங்கியது.

“எதுல செத்தேன்?”

“காய்ச்சல்ல.”

“வெறும் காய்ச்சலுக்கே செத்துட்டேனா? டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகலையா?”

“போனேன்.”

“எப்போ?”

“மறுநாள்.”

“மறுநாள்.” அவள் தலையை ஆட்டினாள். “நெஜமா காய்ச்சல் வந்தாலும் மறுநாள்தான் போவீங்க. அதுல ஒரு பொய்யும் இல்ல. நான் செத்ததுக்கு அழுதீங்களா?”

“ஒரு தடவ.”

“ஒரே தடவையா?”

“ஒரு தடவதான் நெஜமா வந்துச்சு. நீ முழங்கால்ல கால வைக்கிறதச் சொல்றப்ப.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயிற்று. தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். “என்னைய நீங்க கொன்னத நான் பாத்துக்கறேன், அது நம்ம வீட்டு விஷயம். அந்தப் பொம்பள எத்தன சட்டையக் கொடுத்தா?”

“பத்துப் பன்னெண்டு இருக்கும்.”

“ஒன்னு திரும்பிப் போச்சு.”

“ஆமா.”

“மீதி?”

சாதா ஆறிப்போன முட்டையைப் பார்த்தார்.

“நாளைக்கு நீங்க லீவுதான?” என்றாள் மனைவி.

மாடி வீட்டு வழக்கு, ‘சந்தேக நபர் பொதுமக்கள் உதவியுடன் தலைமறைவு’ என்று முடிக்கப்பட்டது. உதவிய பொதுமக்கள் யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. சாதா மறுபடி சீருடை கேட்டு வாங்கிக்கொண்டார். மீசை வளரத் தொடங்கியிருக்கிறது. இன்ஸ்பெக்டர் வருத்தப்பட்டார், அந்தப் பிரிவுக்கு இனி இப்படியொரு முகம் கிடைக்காது.

விடுமுறை நாட்களில் அவரை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பழைய துணிக் கடை வரிசையில் பார்க்கலாம். குவியலின் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு சட்டையாக எடுத்து, காலரைத் திருப்பி, உள்ளே பார்த்துவிட்டு வைக்கிறார். சொந்த வேலையாகத்தான் வருகிறார். அதை யாரும் நம்புவதில்லை. சீருடையில் பார்த்த முகம் என்பதால், அவர் தலை தெரிந்ததும் கடைக்காரர்கள் தார்ப்பாயை இழுத்து மூடுகிறார்கள்; பில் இருக்கிறது என்கிறார்கள்; கேட்காமலே டீ வாங்கிக் கொடுக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்து மாதக்கணக்கில் போலீஸ் இல்லை என்று நடித்தபோது நம்பாத அதே உலகம், இப்போது அவர் நிஜமாகவே போலீஸ் வேலையாக வரவில்லை என்றாலும் நம்ப மறுக்கிறது.

“என்ன சார் தேடுறீங்க? சொன்னா நாங்களே எடுத்து வைப்போம்ல,” என்றார் ஒரு கடைக்காரர்.

“காலர்ல ஒரு வட்டம் இருக்கும். நடுவுல புள்ளி.”

“பெரிய கேஸா சார்?”

“ஆமா,” என்றார் சாதா.

இதுவரை மூன்று கிடைத்திருக்கின்றன. ஒன்றில் பொத்தான் இல்லை. ஒன்றை யாரோ கையை வெட்டிக் குட்டையாக்கிவிட்டார்கள். கிடைக்கிறபோது மடித்து எடுத்துக்கொண்டு லாண்டரிக்குப் போகிறார். கொழுந்தன் வாங்கி, காலரைப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைக்கிறான்.

கடைசியாகப் போனபோது அவன், “அண்ணி உள்ளதான் இருக்காங்க. கூப்பிடவா?” என்று கேட்டான்.

“வேணாம்.”

உள்ளே துணி அலசும் சத்தம் நின்றது. சாதா வாசலில் நின்றார். யாரும் வெளியே வரவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவர் பெஞ்சில் உட்காராமல் நடந்தார்.